படிப்புக் கப்பலில் உடைந்த பூசணி

டீசலும் புதுச் சாயமும் கலந்த நாற்றம் எங்காவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவேன். மலேசியாவில் லூமுட் துறைமுகத்தில் நின்ற ஒரு பயிற்சிக் கப்பலின் நாற்றம் அது. அதன் பெயரைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஊர் ஊராக மூட்டை சுமந்து ஓய்ந்த சரக்குக் கப்பலாம். பிறகு சரக்கறைகளை வகுப்பறைகளாக்கி, பையன்களை மாலுமி வேலைக்குப் பழக்கினார்களாம். ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் அதைப் "படிப்புக் கப்பல்" என்போம். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அதில் ஏறிய ஒரே பிள்ளை என் அண்ணன் என்பதால், அந்த வருடம் முழுக்க அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பெற்றோரை அழைத்திருந்த நாளில் பஸ் மாறி மாறிப் போனோம். எனக்குப் பத்து வயது. அம்மாவின் மடியில் ஒரு வெள்ளைப் பூசணி. தோட்டத்துக்குப் புது லாரி வந்தால்கூடக் "கண்ணேறு" கழிக்காமல் யாரும் ஏறமாட்டார்கள். பெற்ற பிள்ளை ஏறிய கப்பலைச் சும்மா விடலாமா என்பது அவள் எண்ணம். அப்பா வேண்டாமென்று முனகிப் பார்த்தார். மேல்தளத்தில் பையன்கள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றபோது, அம்மா பூசணிமேல் சூடம் கொளுத்தி, மூன்று சுற்றுச் சுற்றி, ஓங்கிப் போட்டு உடைத்தாள். தேய்த்துத் தேய்த்து வெளுத்திருந்த பலகையெல்லாம் குங்குமமும் சதையுமாகிவிட்டது.

கப்பலில் தீ வைப்பது எவ்வளவு பெரிய குற்றமென்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஓர் அதிகாரி ஓடிவந்து சூடத்தைப் பூட்ஸ் காலால் மிதித்து அணைத்தார். வரிசையில் முன்னால் நின்ற அண்ணனிடம், இந்தப் பொம்பளையைத் தெரியுமா என்று மலாயில் கேட்டார்.

"தாக் தாவு, துவான்" என்றான் அண்ணன். தெரியாதாம். அந்த அளவு மலாய் அம்மாவுக்கும் தெரியும். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. இடம் மாறி வந்துவிட்டோம் என்று அதிகாரியிடம் அரைகுறை மலாயில் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் அப்பா அவனைத் திட்டத் தொடங்கியதும், "விடுங்க, பையனுக்குப் படிப்பு போயிருக்கும்ல" என்றாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

இப்போது லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள். அம்மாவும் அப்பாவும் இல்லை. கேப்டனாக ஓய்வுபெற்ற அண்ணன் போன மாதம் போனில் அழுதான். கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்களாம், வெட்டுவதற்கு முன் பழைய மாணவர்கள் குடும்பத்தோடு கூடுகிறார்களாம், நானும் வரவேண்டுமாம். வரமாட்டேன் என்றேன்.

"அம்மாவே அத அன்னிக்கே மறந்துட்டாங்க" என்றான்.

"மறக்கலண்ணே. அதுக்கப்புறம் நாலு பேரு முன்னாடி நீயா கூப்புடாம அம்மா உன் பக்கத்துல வந்ததே இல்ல. உன் கல்யாணத்துலகூட. கவனிச்சியா?"



"கவனிச்சேன்" என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன்.