டெஸ்பைட் சார்

ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் டெஸ்பைட் சார்தான். பதிவு அலுவலகத்தில் அவர் அடிக்கும் கடிதங்களில் பாதி அந்த வார்த்தையில்தான் தொடங்கும். 'டெஸ்பைட் அவர் சின்சியர் எஃபர்ட்ஸ்', அதாவது 'நாங்கள் மனதார முயன்றும்', என்று ஆரம்பித்துவிட்டால் போதும், எக்ஸ்ரே படம் தொலைந்ததும் லிஃப்ட் மாசக்கணக்கில் ஓடாததும் கோட்டு டையெல்லாம் மாட்டிக்கொண்டு மரியாதையாக வெளியே வந்துவிடும். படிக்கிறவருக்குக் கோபம் வராது. பாவம், எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று இரக்கம்தான் வரும்.

இந்த வித்தையை அவர் பள்ளிக்கூடத்தில் கற்றதில்லை. சொல்லப்போனால் பள்ளிக்கூடம் அவரைத் தோற்கடித்த இடம். கணக்கில் இரண்டாவது முறையும் கோட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர், அப்பா கையை ஓங்கியதும் எங்கோ படித்திருந்த ஒரு வாக்கியத்தை அவிழ்த்துவிட்டார். "மை அட்டெம்ப்ட்ஸ் ப்ரூவ்ட் ஃப்யூட்டைல்." என் முயற்சிகள் வீணாயின என்று அர்த்தம். அப்பாவுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. அன்றைக்குப் பிடித்துக்கொண்டார் அந்த மொழியை. தட்டச்சுப் பள்ளியில் மற்றவர்கள் வேலைக்கு விண்ணப்பம் எழுதப் பழகியபோது, இவர் வருத்தம் தெரிவிக்கும் கடிதங்களை மனப்பாடம் செய்தார். ஜெயித்தவனுக்கு இங்கிலீஷ் எதுக்கு, தோத்தவனுக்குத்தான் வேணும் என்பது அவர் கட்சி.

வீட்டில் மட்டும் இந்தப் பாச்சா பலிக்கவில்லை. குழாய் ரிப்பேர்காரனைக் கூட்டிவரச் சொன்னால், மாலையில் வந்து, "ஆல் எஃபர்ட்ஸ் வேர் இன் வெய்ன்", எல்லா முயற்சியும் வீண், என்பார்.

"அப்போ நீங்க போகவே இல்ல" என்பார் மனைவி, பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவருக்கு ஓர் அக்கா இருந்தார். அடுத்த தெருவில், ஒற்றை அறையில், தையல் மிஷினோடு குடியிருந்தார். கணவர் போன பிறகு அந்த மிஷின்தான் சோறு போட்டது. ஆனால் சில வருஷமாகக் கண் காலை வாரிவிட்டது. இடது கண்ணின் கருவிழி வெளுத்துப்போய் எப்போதோ பார்வை நின்றுவிட்டது. வலது கண்ணும் பனி படிந்த கண்ணாடிபோல மங்கிக்கொண்டே வந்தது. மிஷினில் நேர்த்தையலைக் கைப்பழக்கத்தில் ஓட்டிவிடுவார். பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் கைவேலை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி போய், அந்த வாரத்துக்கு வேண்டிய ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்து வரிசையாகக் குத்திவைத்துவிட்டு வருவார். அக்கா மேல் அவருக்கு உயிர். அதில் எந்தப் பூச்சும் கிடையாது.

தம்பி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, கருவிழி மாற்றிவைக்கும் சிகிச்சைக்கு அக்கா பெயரைப் பதிந்திருந்தார்கள். இறந்தவர் யாராவது கண் தானம் செய்தால்தான் உண்டு. வரிசையில் அடுத்து இருப்பவரைக் கூப்பிடுவார்கள், அவர் உடனே கிளம்பி வர வேண்டும்.

"நீ கொஞ்சம் உள்ள சொல்லி வையேன்டா" என்று அக்கா ஒரு தடவை கேட்டார்.

"அதெல்லாம் தப்பு அக்கா. முறைப்படி வரும். எதுவா இருந்தாலும் எனக்குத்தான் முதல்ல தெரியும்."

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் யாரோ ஒருவன் போனில் இனிக்க இனிக்கப் பேசி அக்காவிடமிருந்து சேமிப்பைக் கறந்திருந்தான். அக்காவுக்கு போன் திரையில் எண் தெரியாது. அதனால் தம்பி ஒரு ஏற்பாடு செய்தார். தான் கூப்பிட்டால் மட்டும் குருவி கத்துகிற மாதிரி சத்தம் வரும்படி போனில் மாற்றிவைத்தார். "குருவி கத்தினா எடு. வேற எது அடிச்சாலும் தொடாதே" என்று கண்டிப்பாகச் சொன்னார். அக்கா சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியில் விதி ஒன்று இருந்தது. வரிசையில் இருப்பவரை இடைவெளி விட்டு மூன்று தடவை கூப்பிட வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகலாம். கிடைக்காதவர் பெயர் வரிசையிலிருந்து நீங்கிவிடும், மறுபடி புதிதாகப் பதிய வேண்டும். போன் பேசுகிற பெண் ஒருத்திக்கு ஆயிரம் வேலை. ஒரு தடவை அடித்துப் பார்ப்பாள், எடுக்காவிட்டால் பதிவு எண்ணை ஒரு சீட்டில் கிறுக்கி டெஸ்பைட் சார் மேஜையில் போட்டுவிடுவாள். சீட்டில் பெயர் இருக்காது. அவர் கம்ப்யூட்டரில் அந்த எண்ணை அடித்து ஒரே ஒரு பொத்தானை அழுத்துவார். தான் செதுக்கி வைத்திருந்த வாக்கியம் முழுசாக வந்து உட்காரும். 'டெஸ்பைட் த்ரீ ரிப்பீட்டட் அட்டெம்ப்ட்ஸ், தி பேஷண்ட் குட் நாட் பி ரீச்ட்.' மூன்று முறை முயன்றும் நோயாளி கிடைக்கவில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள்கூட அந்த வாக்கியத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மனுஷனுக்குத் தலை கால் புரியவில்லை.

மழைக்காலம் போய் வெயில் ஏறியது. அக்காவால் இப்போது மிஷினின் ஊசி முனையைக் கூடப் பார்க்க முடியவில்லை. விரல் நகத்தில் ஊசி ஏறிக் கட்டுப் போட்டிருந்தார். தம்பி அதைப் பார்த்தார். முறையாவது ஒன்றாவது என்று, மறுநாள் போன் பேசும் பெண்ணிடம் போய் அக்காவின் பதிவு எண்ணைக் கொடுத்தார்.

"இவங்க முறை போன மாசமே வந்து போயிடுச்சே சார்" என்றாள் அவள், திரையை அவர் பக்கம் திருப்பி.

அவருடைய வாக்கியம் அங்கே இருந்தது. காற்புள்ளி உட்பட.

"மூணு தடவை கூப்பிட்டியாம்மா?"

"ஒரு தடவை சார். முழுசா அடிச்சு ஓய்ஞ்சுது, எடுக்கல." அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "மூணுன்னு போட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான்னு நீங்கதானே சார் சொன்னீங்க. யாரு சார் இவங்க?"

அவர் திரும்பி நடந்தார். தன் இருக்கைக்கு வந்து, பெயரை மறுபடி பழைய இடத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு மனு அடிக்க உட்கார்ந்தார். டெஸ்பைட் என்று அடித்தார், அழித்தார். மறுபடி அடித்தார். இத்தனை வருஷம் கைகட்டிச் சேவகம் செய்த இங்கிலீஷ் அன்றைக்கு ஒரு வரிக்குக்கூட வரவில்லை. எழுதினால் நடந்ததை எழுத வேண்டும். நடந்ததை எழுத அவர் படித்த கடிதங்களில் வழியே இல்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்தும் மாலையில் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்து, "என்னடா, வாரத்துக்கு நடுவுல?" என்று சிரித்தார். பழக்க தோஷத்தில் அவர் ஊசிப் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போன மாசம் உனக்கு ஏதாவது போன் வந்துச்சா அக்கா?"

"வந்துச்சே! ஒரு மத்தியானம், அடி அடின்னு அடிச்சுது. காது வெச்சுக் கேட்டேன், குருவி இல்ல. நீ சொன்ன மாதிரியே தொடலையே!" பாராட்டை எதிர்பார்க்கிற குரல். "எந்தத் திருட்டுப் பயலோ."

இதற்கு எத்தனை வாக்கியங்கள் தெரியும் அவருக்கு! "டெஸ்பைட்..." என்று வாய் தானாக ஆரம்பித்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுடா."

புரிகிற மாதிரி சொல்ல இரண்டு மூச்சுதான் ஆயிற்று. "ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டோம் அக்கா. கண்ணு வந்திருந்துச்சு. ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டோம். நீ எடுக்கல. உன் பேரை எடுத்துட்டோம். நான்தான் எடுத்தேன். பேரைக்கூடப் பார்க்கல."

அக்கா கட்டுப் போட்ட விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, மிஷின் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், அழுவார் என்று தம்பி காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"இன்னொரு தடவை அடிச்சிருந்தா எடுத்திருப்பேன்டா" என்றார் அக்கா கடைசியில். "போனைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். விடாம கூப்பிட்டா, யாரோ நிஜமாவே நம்மளத் தேடுறாங்கன்னு அர்த்தம்தானே?"