கான்வாயில் ஒரு படையல்

அந்தப் போலீஸ் ஹவில்தார் வண்டியை நிறுத்த விசில் ஊதமாட்டார். கையைக் காட்டவும் மாட்டார். நடந்து வந்து வண்டிக்கு முன்னால் நிற்பார், அவ்வளவுதான். மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறையில் அன்றைக்கும் அப்படித்தான் என் சுமோவுக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இஞ்சினை அணைத்தேன்.

எங்கள் தீவு ரோட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் போகிற ரோடு நடுவில் ஜாரவா என்ற பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அது அவர்கள் இடம். நாம் கடந்து போகிறவர்கள். அதனால் ஜிர்காடாங் கேட்டில் எல்லா வண்டியும் வரிசையாக நின்று, கேட்டைத் திறந்ததும் மொத்தமாகப் போக வேண்டும். முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி. இதற்குத்தான் கான்வாய் என்று பெயர். உள்ளே நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், யாருக்கும் எதையும் கொடுக்கக்கூடாது. தின்பண்டமோ புகையிலையோ கொடுத்தால் கேஸ். வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விடும், பெர்மிட்டும் போகும். காடு முடிகிற இடம் மிடில் ஸ்ட்ரெய்ட். அங்கே வண்டியைப் படகில் ஏற்றி அக்கரை போக வேண்டும்.

ஹவில்தார் நம்ம ஆள்தான். கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக் குடும்பம். தமிழ் பேசுகிறவர் வந்திருக்கிறார், கொஞ்சம் பார்த்துக்கொள்வார் என்று டிரைவர்கள் நினைத்தோம். ஒருத்தன் வாய்விட்டே கேட்டுவிட்டான். "ஹிந்தியில திட்டுனா உனக்குப் பாதி புரியாது. தமிழ்ல திட்டுறேன்ல, அதுதான் சலுகை" என்றார். எங்கள் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. ஒரு தடவை பஸ்ஸிலிருந்து யாரோ பிஸ்கட்டை வீசியபோது எங்களை எல்லாம் நிற்க வைத்துச் சொன்னார். இன்றைக்குப் போட்டால் நாளைக்கு ரோட்டோரம் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் வண்டிக்குக் குறுக்கே ஓடும். பிரேக் உன் காலில் இருக்கிறது, பாவம் யார் தலையில் என்று கேட்டார்.

அன்றைக்கு என் வண்டியில் அக்கா இருந்தார். அபர்டீன் பஜார் பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவர். சொந்தம் இல்லை, எல்லா டிரைவருக்கும் அக்கா. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். ஒரு மழைக்காலத்தில் அந்தக் காட்டுக்குள் ஒரு வளைவில் லாரி கவிழ்ந்து செத்துப்போனார். மகளை ரங்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. வருஷா வருஷம் அவர் செத்த நாளில் அக்கா என் வண்டியில்தான் மகள் வீட்டுக்குக் கிளம்புவார். இடது பக்கம் ஜன்னல் ஓரம் கேட்பார். வளைவு வந்ததும் கையில் இருக்கிற பூவை வெளியே விடுவார். நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுப்பேன். நிறுத்தக்கூடாதே. இலை உதிர்கிற காட்டில் நாலு பூ விழுந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

பூ விழுந்தால் சத்தம் கேட்காது. அன்றைக்கு அந்த வளைவில் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படகுத்துறையில் ஹவில்தார் ஜன்னல் பக்கம் வந்து, பொட்டலத்தை வீசினது யார் என்று ஹிந்தியில் கேட்டார். முன் சீட்டில் இருந்த பெங்காலிப் பெரியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தானே கதவைத் திறந்து இறங்கினார்.

"நான்தான் சார் போட்டேன்."

"யாருக்குப் போட்டீங்க?"

"என் வீட்டுக்காரருக்கு."

ஹவில்தார் என்னைப் பார்த்தார். லாரியையும் வளைவையும் சொன்னேன். அவருக்கும் தெரிந்த லாரிதான். பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அக்காவைக் கேட்டார். அக்கா மறைக்கவில்லை. மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான், தாத்தாவிடம் சொல்லப் போகிறபோது வெறும் பூவோடு போவதா என்று சமைத்து எடுத்து வந்தாராம். சோறு, சூரை மீன் குழம்பு, வடை, ஒரு கட்டு பீடி.

பீடி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, சோத்தோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"அவருக்குச் சோறு இல்லாட்டியும் பீடி வேணும் சார்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். ஹவில்தார் சிரிக்கவில்லை. என் வண்டிச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"திரும்புற கான்வாயோட போறேன். பொட்டலம் கட்டு பிரியாம அங்கயே கிடந்தா சரி. இல்லைன்னா எழுதுவேன். அம்மா மேலயும் எழுதுவேன், உன் மேலயும் எழுதுவேன். அப்புறம் காலைப் புடிக்கிறேன் கையைப் புடிக்கிறேன்னு வரக்கூடாது."

போய்விட்டார். மற்ற பயணிகள் படகில் அக்கரை போய் வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள். நானும் அக்காவும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டி என் மச்சான் பெயரில் இருந்தது. அவனுக்கும் எனக்கும் அந்த ஒரு வண்டிதான் சோறு. முதலில் எனக்கு அந்தப் பயம்தான். பன்றி இழுத்திருக்குமா, மழை வந்து கரைந்திருக்குமா என்று யோசித்தேன். அப்படிப் போனால்கூட ஹவில்தார் நம்பமாட்டார். நேரம் போகப் போக வேறு பயம் வந்தது. ரோட்டோரம் ஒரு பிள்ளை வந்திருந்தால்? அந்தப் பீடிக்கட்டை எடுத்து மோந்து பார்த்திருந்தால்? அதற்கு அப்புறம் வண்டியைப் பற்றி நினைப்பு வரவில்லை. அக்காவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போல. "பேரன் பொறந்த சந்தோசத்துல அடுத்த வீட்டுப் புள்ளைய நினைக்கலையேடா" என்றார். டீ ஆறிப்போனது. இருவருமே குடிக்கவில்லை.

அடுத்த கான்வாய் வந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கடைசியில் போலீஸ் வண்டி. ஹவில்தார் இறங்கினார். கையில் பொட்டலம். பேப்பர் மேலே எறும்பு ஊர்ந்தது. வாழைநார்க் கட்டு அப்படியே இருந்தது.

"யார் கைக்கும் போகலை" என்றார். நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்து, கட்டை அவிழ்த்து, பீடிக்கட்டை மட்டும் எடுத்தார். நேராகப் போய் டீக்கடை அடுப்பில் போட்டார். புகை கிளம்பியது. பீடி வாசனை பெஞ்சு வரைக்கும் வந்தது. அக்கா அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அடங்குகிற வரைக்கும் ஹவில்தாரும் அடுப்புப் பக்கமே நின்றார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"படையல் போட்டதைத் தூக்கி எறியக் கூடாது. இலையைப் பிரிங்கம்மா."

ஒரு உருண்டை சோற்றைப் படகுத்துறைச் சுவரில் வைத்தார். காக்கா வந்து எடுத்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். எனக்கும் அக்காவுக்கும் இலையிலேயே ஒதுக்கிக் கொடுத்தார். டீக்கடைக்காரன் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குழம்புல உப்பு கம்மி" என்றார்.

"அவருக்கு பிரஷர் இருந்துச்சு சார்."

அப்போதுதான் சிரித்தார். அக்காவும் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரனுக்கு என்ன பெயர் என்று ஹவில்தார் கேட்டார். தாத்தா பெயர்தான் என்றார் அக்கா.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு என் சாவியைக் கொடுத்தார். கூடவே ஒரு அபராதச் சலானும் எழுதினார். எதற்கு என்று கேட்டேன்.

"கான்வாய்ல இடைவெளி விட்டதுக்கு. வருஷா வருஷம் அந்த வளைவுல காலை எடுக்குற. பின்னாடி வர்ற எனக்குத் தெரியாதா?"

சலானைக் கட்டினேன். இத்தனை வருஷத்தில் நிறையப் போலீஸ்காரர்கள் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். பாதிப் பேர் சும்மா விட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் முகமும் எனக்கு ஞாபகமில்லை. எழுதி அனுப்பின இவர் முகம்தான் நிற்கிறது. ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் சட்டத்தையும் விடவில்லை, அக்காவையும் விடவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒருத்தருக்கு அரை நாள் வேலை ஆகிறது. நம்மில் யாருக்கு அவ்வளவு பொறுமை?

பிறகு அவரை ஹட் பே என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ரிட்டயர் ஆகி அங்கேயே இருக்கிறார் என்று கேள்வி. அப்புறம் பார்க்கவில்லை. இப்போது கேட்டில் நிற்பவர்கள் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள். அக்காவுக்கு முட்டி வலி, ஆனாலும் வருகிறார். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். படையல் இப்போது மிடில் ஸ்ட்ரெய்டில்தான், படகுக்குக் காத்திருக்கும்போது. இலையை விரித்து, பக்கத்தில் நிற்கிற டிரைவர், போலீஸ், யாராக இருந்தாலும் கூப்பிடுவார். சிலர் உட்காருவார்கள். சிலர் ட்யூட்டி என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அக்கா வருத்தப்படுவதில்லை.

காட்டுக்குள் அந்த வளைவு நெருங்கும்போது அக்காவே ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுவார். கை இரண்டும் மடியில் இருக்கும். நான் காலை எடுப்பதில்லை. முன் வண்டிக்குப் பின்னால் அதே வேகத்தில் போய்விடுவோம்.