மடுத் தீர்த்தமும் நீக்கிலா அத்தானின் துவக்கும்

என் அக்கா மக்டலீனின் கணவர் நீக்கிலாப்பிள்ளை ஸ்காபரோவில் ஒரு குசினி அலுமாரித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகக் கதவு செய்கிறார். கதவு மட்டும்தான். மெஷின் வெட்டித் தரும், அவர் பிணைச்சல் பூட்டுவார். தான் செய்த கதவு எந்த வீட்டில் தொங்குகிறதென்று அவருக்குத் தெரியாது. "ஒரு சாமானை அடியிலயிருந்து நுனி வரைக்கும் நானே செய்து பாக்கவேணும்" என்று அவர் புலம்பத் தொடங்கியபோது, கதிரையோ கட்டிலோ செய்வார் என்று நினைத்தோம்.

மனிதர் துவக்குச் செய்யப் போனார்.

அஜக்ஸுக்கு அப்பால் ஒரு கண்காட்சியில் கண்டுவிட்டாராம். குழல்வாய்க்குள் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்துக் கம்பியால் இடித்து இறக்குகிற பழைய காலத்துத் துவக்கு. அதைக் கையால் செய்கிறவர்களுக்கென்று அங்கே ஒரு கிளப்பும் இருந்தது. லைசென்ஸ் எடுத்தார், கிளப்பில் சேர்ந்தார். குழலையும் விசைப் பூட்டையும் வாங்கினார். மற்றதெல்லாம் தன் கையால்தான் என்றார்.

அக்கா ஆடிப்போனாள். யுத்த காலத்தில் ஊரில், பேசாலையில், துவக்குச் சத்தம் கேட்டு, கட்டின துணியோடு வள்ளம் ஏறினவள் அவள். "உது இந்த வீட்டு வாசல் தாண்டக்கூடாது" என்றாள், அவ்வளவுதான். அத்தான் கராஜுக்குள் ஒரு ஹீற்றரோடு குடியேறினார்.

எட்டு மாதம் வேலை நடந்தது. மேப்பிள் மரத்தில் பள்ளம் தோண்டி, எட்டுப் பட்டைக் குழலை அதற்குள் இறுக்கமாகப் படுக்க வைக்கவேண்டும். குழலில் மெழுகுதிரிக் கரி பிடித்து மரத்தில் அழுத்துவார். கரி ஒட்டின இடத்தைச் சுரண்டுவார். திரும்பவும் கரி, திரும்பவும் சுரண்டல். மெழுகுதிரி எல்லாம் அந்தோனியார் படத்துக்கு முன்னால் இருந்து களவாகப் போனவை. பித்தளைத் தகட்டை அராவி அராவி அவருடைய விரல் நகங்கள் மஞ்சளாகிவிட்டன.

நான் சும்மா இருப்பேனா? அந்த வகைத் துவக்கில் மரம் பாதிக் குழலோடு நின்றுவிடும், மிச்சக் குழல் மொட்டையாக நீண்டு நிற்கும். "என்ன அத்தான், மரம் காணாமல் போட்டுதோ?" என்று போகும்போதெல்லாம் கேட்டேன்.

"உது அரைக் கட்டைத் துவக்கு. இப்பிடித்தான்டா வரும், றொனால்ட்! உனக்கு விளங்காது" என்று சீறுவார்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் கையால் செய்த முதல் துவக்கோடு இலையுதிர் கால விழாவுக்கு வந்தால், மூன்று வெடி வைக்கலாம். ஐம்பது கெஜத் தூரத்தில் தொங்கும் இரும்புத் தட்டில் ஒன்றாவது பட்டால், வாசல் பலகையில் அவரே கத்தியால் பெயர் வெட்டலாம். படாவிட்டால் இல்லை, பிறகும் வாய்ப்பில்லை. அத்தானுக்கு அந்தப் பலகைதான் கனவு. தான் முழுதாகச் செய்த ஒரு சாமானுக்குக் கீழே தன் பெயர் இருக்கவேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அக்காவும் வந்தாள். காரை விட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லித்தான் வந்தாள்.

முதல் வெடி. அத்தான் மருந்து போட்டு, குண்டை இடித்து இறக்கி, மருந்துக்குப் பொறி கொடுக்கிற 'கேப்' என்ற சின்னச் செப்பு மூடியை விசைக்குக் கீழே வைத்து, குறி பார்த்து இழுத்தார். கேப் 'டிக்' என்றது. வேறொன்றும் நடக்கவில்லை. விதிப்படி ஒரு நிமிடம் குழலைத் தட்டுப் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ, அலுமாரிக்காரன் கதவுதான் செய்திருக்கிறான் என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எட்டு மாதம் அவரை நான் நக்கலடித்தது வேறு, அது குடும்ப விசயம்.

திருகு முனைக் கம்பியை விட்டுக் குண்டை வெளியே இழுத்து, குழலுக்குள் துணி விட்டுத் துடைத்தார். துணி சொட்டச் சொட்ட வந்தது.

"தண்ணி எங்கால வந்தது? நேற்றுத்தானே துடைச்சு வைச்சனான்!" அவருடைய தோள்கள் தொங்கிவிட்டன. அதைக் கண்டுதான் அக்கா காரை விட்டு இறங்கி ஓடி வந்தாள்.

"நான்தான் விட்டனான்" என்றாள். முகம் வெளிறியிருந்தது.

எங்கள் வீட்டில் புதுக் காரோ பிரிட்ஜோ எது வந்தாலும் அக்கா மடு மாதா கோயிலிலிருந்து வந்த தீர்த்தப் போத்தலோடு நிற்பாள். நாலு துளி தெளித்தால்தான் அவளுக்கு மனம் ஆறும். அன்று காலை அத்தான் தேத்தண்ணி குடிக்கும் நேரம் கராஜுக்குள் போய், துவக்குப் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

"தெளிக்கிறதெண்டால் மேலால தெளிக்கிறது! குழலுக்குள்ளயோ விடுறது?" என்று நான் கத்தினேன்.

"உதுக்குள்ளால வாறதுதானே ஆளைக் கொல்லுறது. அது ஒருத்தரிலயும் படக்கூடாது எண்டு நேர்ந்து விட்டனான்."

அத்தான் அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அப்ப என்ன, நிப்பாட்டட்டோ?" என்று மெல்லக் கேட்டார்.

அக்கா இரும்புத் தட்டைப் பார்த்தாள், மஞ்சள் நகங்களைப் பார்த்தாள். "எட்டு மாதம் கராஜுக்குள்ள நிண்டது நிப்பாட்டவோ? சுடுங்கோ!"

துணி ஈரமில்லாமல் வரும்வரை குழலைத் துடைத்தார். இரண்டாவது வெடி வெடித்தது, ஆனால் தட்டுக்கு மேலால் போனது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவதற்கு அவர் நெடுநேரம் குறி பார்த்தார். புகை கிளம்பியது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் புகைக்குள்ளால் 'டாங்' என்று கோயில் மணி அடித்ததுபோல் கேட்டது. வெட்கத்தைச் சொன்னால் என்ன, நான் அழுதுவிட்டேன். அக்கா இந்தமுறை காதைப் பொத்தவில்லை. துவக்குச் சத்தத்துக்கு அவள் கை தட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

அத்தான் பலகையில் ஆறுதலாக வெட்டினார். முதலில் நீக்கிலாப்பிள்ளை, அதற்குக் கீழே மக்டலீன், இரண்டும் தமிழில். செய்தவர் பெயர் மட்டும்தானே விதி, இரண்டாவது யார் என்று கிளப் தலைவர் கேட்டார்.

"மனிசி" என்றார் அத்தான். பிறகு தன் உடைந்த இங்கிலீஷில் விளக்கினார்: முதல் வெடிக்கு நான் மருந்து போட முதல், குழலை நிரப்பினது அவள்.