நான்கு விரல் இடைவெளி

ஓட்டுநர் பக்கக் கண்ணாடி நான்கு விரல் இறங்கி நின்றது. அப்பா தன் கையை அந்த இடைவெளிக்குள் வைத்து அளந்து காட்டியதால் அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்கு மேல் ஏறவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. நான்கு வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, சிசிலித் தீவின் பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழே, தேவாலயப் பூசைக்குப் போட்ட உடுப்பைக்கூட மாற்றாமல் நாங்கள் இருவரும் அந்தக் காரின் முன் நின்றோம். துறைமுகப் பக்கமிருந்து மழை கறுத்துக்கொண்டு வந்தது. தெருவிலிருந்த பட்டறைகள் எல்லாம் பூட்டியிருந்தன.

கார் எங்களிடம் வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பது வருடம் அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளைக் கழுவிய அப்பாவுக்கு, நாங்கள் சிஞ்ஞோரா என்று மரியாதையாக அழைக்கும் வயதான அம்மா ஒருவர் தன்னைக் காரில் கூட்டிச் செல்லும் வேலையைக் கொடுத்திருந்தார். இறந்துபோன கணவரின் பழைய காரையும் அதற்காகவே ஒப்படைத்திருந்தார். திங்கள் காலை எட்டு மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டு பகேரியாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும். ஒரேயொரு நிபந்தனை, காருக்குள் காற்று வரக்கூடாது. கழுத்தில் காற்றுப் பட்டால் படுக்கையில் விழுந்துவிடுவோம் என்று இந்த ஊரில் பலர் நம்புகிறார்கள். அந்த அம்மா கோடையிலும் சால்வை சுற்றுகிறவர். முந்தைய ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டியதற்காகவே வேலையை இழந்தவர். அப்பாவோ தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கழுத்துப்பட்டி வாங்கி, அதை ஏற்கெனவே முடிந்து கதிரையில் தொங்கவிட்டிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். மன்னாரில் கடலுக்குப் போன அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கான படிவங்களை நிரப்பியது நான். ஓட்டுநர் உரிமத்துக்கான புத்தகத்தை மூன்று மாதம் இரவு பகலாக அவருக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். அவர் அத்தனையையும் மனப்பாடம் செய்து வாய்மொழிப் பரீட்சையில் தேறினார். அந்த வெற்றியில் பாதி என்னுடையது என்று எண்ணிக்கொண்டேன். பாதிக்கு மேல் என்றுகூட. தொழில்நுட்பப் பள்ளியில் மின்சாரப் பாடத்தில் கூடிய புள்ளி எடுத்தவள், ஒரு கண்ணாடியிடம் தோற்பதாவது?

காரின் கையேட்டை இருக்கையில் விரித்து வைத்துத் தொடங்கினேன். முதலில் பியூஸ். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. அடுத்தது சுவிச். மறுபக்கக் கதவின் சுவிச்சைக் கழற்றி இங்கே மாட்டினேன், மாற்றமில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தியபோது மோட்டர் முனகியது. மின்சாரம் வருகிறது, மோட்டருக்கும் உயிர் இருக்கிறது, எதுவோ தடுக்கிறது.

“பிள்ளை, அந்தக் கதவுக்குள்ளை…” என்று அப்பா தொடங்கினார்.

“பொறுங்கோ அப்பா, ஒவ்வொண்டாய்ப் பார்க்கிறன்.”

மூன்றாம் மாடிப் பல்கனியில் உடுப்புகளை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்த சிசிலியப் பெண், “ஓங்கி ஒரு அடி போடு! என் புருஷனுக்கும் அதுதான் மருந்து!” என்று கத்தினாள். ஜன்னலில் அம்மா, “எஞ்சினியர் அம்மா, சோறு ஆறுது. காரைத் தின்னப்போறியளோ?” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியை இரண்டு உள்ளங்கைகளாலும் மேலே உந்திக்கொண்டு, அப்பாவைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். கறகறவென்று சத்தம். திரும்ப அழுத்தச் சொன்னேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

“அழுத்தாதை பிள்ளை. உள்ளுக்கை ஒண்டு இருக்கு, நான் சொல்லுறதை ஒருக்கால்…”

“உங்களுக்கு வாசிக்கவும் தெரியாது. பேசாமல் நில்லுங்கோ!”

தெருவில் வைத்துச் சொன்னேன். நான் அவரைத் தாண்டிக் கையை நீட்டி, பொத்தானைக் கோபத்தோடு அழுத்திப் பிடித்தேன். கதவுக்குள் ஏதோ படக்கென்று அறுந்தது. மோட்டர் வெறுமனே சுற்றியது. கண்ணாடி சரிந்து முழுவதும் உள்ளே போனது. முதல் துளி மழை இருக்கையில் விழுந்தது.

பிறகு நடந்தது ஒரு மணி நேர அவமானம். துணி சுற்றிய சமையல் கத்தியால் கதவின் உள்பலகையை நெம்பிக் கழற்றினேன். அப்பா தன் பூசைக் கோட்டைக் கழற்றி என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே, கண்ணாடியைத் தூக்கும் கம்பிக்கயிறு அறுந்து கிடந்தது. அது சுற்றும் சிறு சக்கரமான சில்லில் பெருவிரல் அளவு துணிமுடிச்சு ஒன்று சிக்கியிருந்தது. இழுத்து எடுத்தேன். கிழிந்த ஓரத்தால் மண் கொட்டியது. மடு மாதா கோவில் மண். பாம்போ தீங்கோ அண்டாது என்று எங்கள் ஆட்கள் வாசலில் கட்டி வைப்பது. அந்த மண்ணைச் சட்டை விளிம்பில் தைத்துக்கொண்டுதான் அப்பா இந்த நாட்டுக்கு வந்தார். வீட்டு வாசலில் அம்மா ஒன்றைக் கட்டியபோது, “நாலாம் மாடிக்கு ஏறி வாற பாம்பு எது?” என்று நான் சிரித்திருந்தேன். அதனால்தான் அவர் எனக்குத் தெரியாமல், சனிக்கிழமை மாலை, கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்பிலிருக்கும் நீக்கலால் முடிச்சை உள்ளே தள்ளியிருக்கிறார்.

“அப்பவே சொல்ல வந்தனான்,” என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கூடுதலாகக் கோபப்படுத்தியது.

அறுந்த கயிற்றுக்கு மருந்தில்லை. கண்ணாடியைக் கையால் மேலே தள்ளி, வீடு கூட்டும் தும்புத்தடியின் கம்பில் ஒரு துண்டை வெட்டி அடியில் முட்டுக் கொடுத்தோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கொட்டாமல் மிஞ்சிய மண்ணைத் திரும்ப முடிந்து, சில்லுக்கு எட்டாத மூலையில், கதவின் உள்சட்டத்தோடு கறுப்பு நூலால் ஐந்து முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பலகையை மூடினேன்.

வேலை போகவில்லை. கண்ணாடியும் அந்த முட்டிலேயே நின்றது. கண்ணாடியை ஒருநாளும் திறக்காத ஓட்டுநர் என்று சிஞ்ஞோரா தங்கையிடம் பெருமை பேசினாராம். வழி கேட்கவும் காவலாளியோடு கதைக்கவும் அப்பா கதவைத் திறந்து இறங்கி நிற்பதைப் பார்த்து, இவ்வளவு மரியாதையான மனிதன் இந்த ஊரிலேயே இல்லை என்றாராம். நாங்கள் வீட்டில் சிரித்தோம். நான் அளவாகச் சிரித்தேன்.

போன வாரம் அந்தக் கார் பழைய இரும்பாக உடைக்கப் போனது. சிஞ்ஞோராவின் மகன் அவருக்காக வேறொரு பழைய காரை அனுப்பியிருக்கிறார். அதன் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். அப்பா என் மேசையில் இரண்டு பொருட்களை வைத்தார். ஒன்று இப்போது வந்திருக்கும் காரின் கையேடு. மற்றது கிரீஸ் படிந்த துணிமுடிச்சு, அதில் என் கறுப்பு நூல் ஐந்து முடிச்சோடும் அப்படியே இருந்தது.

“நல்லாய்த்தான் கட்டியிருக்கிறாய். அவிழ்க்கேலாமல் வெட்டித்தான் எடுத்தனான்,” என்றார். “இந்தக் காரிலை இதை எங்கை வைச்சால் இடைஞ்சல் இல்லை எண்டு வாசிச்சுச் சொல்லு.”

கையேட்டைத் திறந்தேன். கதவின் படம் வந்த பக்கத்தில் கை நின்றது. நான்கு வருடமாகச் சொல்ல வேண்டிய சொல் அன்றும் வரவில்லை. கையேட்டை மூடினேன்.

“நீங்கள் எங்கை வைக்க நினைச்சனீங்கள், அப்பா?”

அவர் துணிமுடிச்சைக் கையில் எடுத்தார்.

“கதவுக்குள்ளை இல்லை, பிள்ளை,” என்றார்.