பெரியம்மா கேட்ட விடுமுறை

பெரியப்பா பூபில் வாங்கிய செய்தி ஒஸ்லோவின் புருசெத் பகுதித் தமிழர்களிடையே பரவ அரை நாள்கூடப் பிடிக்கவில்லை. படுக்கை, குசினி, கழிவறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு ஓடுகிற பெரிய வானுக்கு நோர்வேயில் அதுதான் பெயர். பெரியப்பா ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். கூட வேலை செய்த நோர்வேக் கிழவர் ஒருவர் கண்பார்வை மங்கிவிட்டது என்று மலிவாக விற்க, இவர் வாங்கிவந்து எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் நிறுத்திவிட்டார். பார்க்க வந்தவர்கள் சில்லைத் தட்டிப் பார்த்தார்கள். கழிவறைக் கதவைத் திறந்து மூடினார்கள். நல்ல வீடு இருக்க இந்த மனுசனுக்கு ஏன் இந்த வேலை என்று திரும்பிப் போகும்போது தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள்.

பூபில் கேட்டது பெரியம்மா என்பது யாருக்கும் தெரியாது. அவர் முதியோர் இல்லமொன்றின் குசினியில் நாள் முழுக்கச் சமைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னொரு படைக்குச் சமைப்பவர். பெரியப்பாவின் தம்பிமார் எல்லோரும் நோர்வேக்கு வந்து இறங்கியது அந்த வீட்டில்தான். அவர்களில் ஒருவர் என் அப்பா. பிறகு தம்பிமாரின் மனைவிமார் வந்தார்கள், ஊரில் தெரிந்தவர்கள் வந்தார்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் வந்தார்கள். அந்த வீட்டுச் சோபாவில் படுத்தெழும்பாத தமிழரை ஒஸ்லோவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரியம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்தக் கோடை விடுமுறைக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். சமையலும் படுக்கையும் பூபிலுக்குள், ஒருவர் வீட்டுக்கும் போவதில்லை. பெரியப்பா தலையாட்டினார். அவர் யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவார், அதுதான் அவரிடமிருந்த கோளாறு.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். புறப்படுகிற காலையில், எட்டு வயதான நான், ஒருவரும் கூப்பிடாமலே பள்ளிக்கூடப் பைக்குள் உடுப்புகளை அடைத்துக்கொண்டு பூபிலின் படியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அம்மா இறங்கச் சொன்னபோது ஊரைக் கூட்டி அழுதேன். சின்னப்பிள்ளைதானே, எவ்வளவு இடம் பிடிக்கப் போகிறது என்றார் பெரியப்பா. பெரியம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருக்கையில் இருந்த வெங்காயக் கூடையைத் தூக்கிக் கீழே வைத்தார்.

மத்தியானம் வழியில் நிறுத்தி, வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றைச் சாப்பிடும்போது பார்த்தால், வாங்கி வைத்திருந்த புதுத் தட்டுகள் இரண்டே இரண்டு. என்னுடையது எங்கே என்று அதிகாரமாகக் கேட்டேன். பெரியம்மா தன் தட்டை எனக்குத் தந்துவிட்டுச் சட்டி மூடியில் போட்டுச் சாப்பிட்டார்.

அன்று பின்னேரம் லில்ஹாமரில் பெற்றோல் அடிக்க இறங்கிய பெரியப்பா, ஒரு தமிழரின் தோளில் கை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ஊரில் எங்களுக்குப் பக்கத்துக் கிராமத்தவராம். பிறகென்ன, அவருடைய வீட்டில் இடியப்பமும் சொதியும், எங்களுக்காக விரித்த புது விரிப்பும். வாசல் வரை வந்துவிட்டு வானுக்குள் படுப்பதா, நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம் என்று அந்த வீட்டு அம்மா கோபித்துக்கொண்டார். பெரியம்மா சிரித்தபடி உள்ளே போய்த் தேங்காய் துருவினார்.

மறுநாள் லோமில் பழைய மரத் தேவாலயத்தைப் பார்த்தோம். எத்தனையோ நூற்றாண்டாக உளுக்காமல் நிற்கிற மரம் என்று வழிகாட்டிப் பெண் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெரியப்பாவின் தொலைபேசி அடித்தது. லில்ஹாமர்க்காரர் ஒலசுண்டில் இருக்கும் தன் மச்சானுக்குச் சொல்லிவிட்டாராம். இந்தப் பக்கம் வந்துவிட்டு வராமல் போனால் பிறகு முகத்தில் முழிக்கக் கூடாது என்கிறார் மச்சான். கைராங்கர் மலைவளைவுகளில் இறங்கும்போதும் பெரியப்பாவின் கண் நேரத்திலேயே இருந்தது, அங்கே சோறு ஆறிவிடுமாம். உலகமே வந்து படம் எடுக்கிற அந்த அருவிகளை நாங்கள் யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்ததோடு சரி. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஒலசுண்ட் வீட்டில் என் வயதில் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு பூனையும் இருந்தன.

அங்கிருந்து புறப்படும் காலையில் மறுபடி தொலைபேசி அடித்தது. இந்த முறை பேர்கனில் இருந்து. ஓம், ஓம், கட்டாயம் வாறம் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருக்க, பெரியம்மா அதை அவர் கையிலிருந்து எடுத்து நிறுத்தி, அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது.

"கலியாணம் கட்டி இருபது வருசம்" என்றார். "ஒரு நாள், ஒரேயொரு நாள், நீங்களும் நானும் மட்டும் ஒரு கூரைக்குக் கீழ இருந்திருக்கிறமோ?"

 பெரியப்பா யோசித்தார். கணக்குப் பார்க்கிறவரைப் போல வீதியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இல்லையப்பா" என்றார். பிறகு பூபிலைத் திருப்பி, பேர்கன் பாதையை விட்டு ஒரு சின்ன வீதியில் இறக்கினார். தொலைபேசிக்காகத்தான் சண்டை என்று நான் நினைத்தேன்.

பின்னேரம், மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கிற ஒரு பியோர்ட் கரையில் நிறுத்தினோம். பெரியப்பா முதலில் இறங்கிப்போய் அயலில் நின்ற பூபில்களை நோட்டம் விட்டுவிட்டு வந்தார். ஒன்று ஜெர்மன்காரர், மற்றது நோர்வேக் கிழவனும் கிழவியும், தமிழ் வாடையே இல்லை என்று நிம்மதியாகச் சொன்னார். பெரியம்மா அதுவரை பற்றவைக்காத அடுப்பைப் பற்றவைத்து, சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்தார். பெரியப்பா வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அவர் உரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

சாப்பிட்ட பிறகு இரண்டு கதிரைகளையும் தண்ணீரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார்கள். பெரியம்மா தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தார். பெரியப்பா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. பாவம், கதைக்க ஒன்றுமே இல்லையாக்கும் என்று எனக்கு மனதுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. உள்ளேயிருந்து குளிர்பெட்டியை இழுத்து வந்து இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"நல்ல காலம் நான் வந்தனான்" என்றேன். "இல்லாட்டி நீங்கள் ரெண்டு பேரும் தனிய இருந்து என்ன செய்யிறது?"

பெரியம்மாதான் முதலில் சிரித்தார். பெரியப்பாவுக்குத் தேத்தண்ணீர் புரையேறியது. கண்ணில் நீர் வருமளவுக்கு இருவரும் என் தலைக்கு மேலால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெரியம்மா என்னை இழுத்து உச்சியில் கொஞ்சினார். நான் சொன்னது அவ்வளவு சரி போல என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆகவே அவர்களுக்கு அலுத்துவிடக் கூடாதே என்று, நித்திரை கண்ணைச் சொருகும் வரைக்கும், நடுவில் இருந்து எழும்பாமல் கதைத்துக்கொண்டே இருந்தேன்.