என் மகளின் மேலுதடு

என் மகளுக்கு இல்லாத ஒரு கோளாறை இருப்பதாக ஒரு டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேன். அவளை வைத்துக்கொண்டே, அவள் காது கேட்கவே சொன்னேன். அவளும் நம்பினாள்.

அவள் நன்மைக்காகச் சொன்னேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன்... கை வரவில்லை. எனக்காகத்தான் சொன்னேன். என் ஒருத்தியின் ஆசைக்காக!

நான் சாதாரணப்பட்டவள் இல்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கி 'பார்லர் அம்மா' என்று கேட்டால் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுவந்து விடுவார். படிப்பு ஐந்தாவதோடு சரி. அண்ணனூரில் வாடகை வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு நூல்கண்டு, இரண்டையும் வைத்துப் புருவம் எடுக்க ஆரம்பித்தேன். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்கள் ரயிலேறி வந்து காத்துக் கிடப்பார்கள். இன்று சொந்தக் கட்டிடம், இரண்டு மாடி, ஏ.சி. என் கை கிடைக்கவில்லை என்று முகூர்த்தத்தையே தள்ளிவைத்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள்! கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

மகள் திவ்யாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது என் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகமா நான்? கல்யாண ஆல்பத்தை எடுத்துத் தெரு வாசலில் வைத்து, முடி வெட்டுகிற கத்தரிக்கோலால் ஒவ்வொரு படத்திலும் அவனை மட்டும் நறுக்கி எடுத்துக் கொளுத்தினேன். அக்கம்பக்கமே நின்று பார்த்தது. பெருமையாக இருந்தது எனக்கு. ஒரு படத்தையாவது விட்டுவைத்திருக்கலாம் என்று தோன்ற ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அவன் வாயை உங்களுக்கு எப்படி விளக்குவேன்... மேலுதடு அத்தனை மெல்லிசு. புருவப் பென்சிலால் ஒரே இழுப்பில் இழுத்த கோடு போல இருக்கும். சிரித்தால் அந்தக் கோடும் உள்ளே மடிந்து காணாமல் போய்விடும். இடது ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டு 'நான் இல்லை' என்று சொல்கிற திருட்டுச் சிரிப்பு! அந்தச் சிரிப்பை நம்பித்தான் பெற்றவர்களை உதறிவிட்டு வந்தேன்.

அந்த வாய் அப்படியே, ஒரு இழை குறையாமல், என் மகளுக்கு வந்திருந்தது.

கோபம் வந்தால் என் நாக்குக்குக் கடிவாளம் கிடையாது. "மூஞ்சியப் பாரு மூஞ்சிய! அப்டியே அந்த ஓடிப்போனவன் வாயி!" என்று கத்துவேன். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்தால் அது, பால் பொங்கினால் அது, கடையில் எவளோ என்னை எதிர்த்துப் பேசினால்கூட அதுதான். குழந்தை என்ன செய்யும்? சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்ளப் பழகிவிட்டாள். அடக்கமான பெண் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். நானும் சேர்ந்து மெச்சினேன்.

ஆனால் ஒன்று... இதுவரை ஒருவரிடமும் சொல்லாதது. டி.வி.யில் காமெடி ஓடும்போது அவள் சிலசமயம் தன்னை மறந்து கையை எடுத்துவிட்டுச் சிரிப்பாள். அடுப்பில் குழம்பு அடிபிடித்தாலும் பரவாயில்லை என்று நான் வாசல்படியிலேயே நின்றுவிடுவேன். அந்த ஒரு நொடிக்காக, சேனலை மாற்றவே விடமாட்டேன். அவனைத் தலைமுழுகிவிட்டேன் என்று ஊரெல்லாம் முழங்கிய பொம்பளை, பெற்ற மகளின் முகத்தில் அவனை எட்டிஎட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்! வெட்கமாக இல்லையா என்று கேட்கிறீர்களா? அறுபதைத் தொடப்போகிறேன். இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பூந்தமல்லியில் நல்ல இடம் அமைந்தது. பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மா தமாஷான மனுஷி. திவ்யாவைப் பார்த்ததும், "இன்னா சம்மந்தி, பொண்ணுக்கு வாயே காணமே! நல்லதாப் போச்சு, என்னாண்ட சண்டைக்கு வரமாட்டா," என்றார். எல்லோரும் சிரித்தோம். திவ்யாவும் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். கள்ளமில்லாத பேச்சு, யாரைக் குறை சொல்வது?

அவர்கள் போனதும் திவ்யா போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி உதட்டுக்கு ஊசி போட்டுக்கப் போறேன். ஃபில்லர். அண்ணா நகர்ல ஒரு டாக்டர் இருக்காங்க."

"இன்னாடி, பைத்தியமா புட்ச்சிகீது? நான் கீறப்ப ஊசி இன்னாத்துக்கு? லைனர் வச்சி நான் வரைஞ்சி உட்டா, மண்டபமே உன் வாயத்தான் பாக்கும்."

"எத்தினி நாளைக்கு வரைவ? மூஞ்சி கழுவினா அழிஞ்சிடுமேம்மா."

அண்ணா நகருக்குக் கிளம்பினாள். கூடப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயதுதான், ஆனால் பொறுமைசாலி. இரண்டு வழி இருக்கிறது என்றார். "ஃபில்லர்னா ஜெல் மாதிரிங்க. உதட்டுக்குள்ளயே போடுவோம். உதடு பெருசாகும், வடிவமே மாறும். கொஞ்ச நாள் வீக்கம் இருக்கும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ நிக்கும், அப்புறம் திரும்பப் போட்டுக்கலாம். பிடிக்கலைன்னா கரைக்க மருந்தும் இருக்கு. இன்னொண்ணு லிப் ஃப்ளிப். அது போடாக்ஸ். உதட்டோரத்துல துளித்துளியா போடுவோம். உதடு பெருசாகாது, மேலுதடு லேசா வெளிய திரும்பும். சிரிச்சா உள்ள மடியாது, அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்கு ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வராது, விசில் அடிக்க வராது. ரெண்டு மூணு மாசத்துல பழையபடி ஆயிடும்."

பழையபடி ஆயிடும்! மற்றதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை.

"ஃபில்லரே போட்டுடுங்க டாக்டர்," என்றாள் திவ்யா. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"இதுல மரத்துப்போற மருந்தும் கலந்திருக்கும். உங்களுக்கு எதாவது ஒத்துக்காம போயிருக்கா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஐயோ, ஆமா டாக்டர்! சின்னதுல பல்லு புடுங்க மரத்துப்போற ஊசி போட்டாங்க. மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு உட முடியாம போச்சு. பொழச்சி வந்ததே சாமி புண்ணியம்."

"எனக்கா? நீ சொன்னதே இல்லையேம்மா!"

"பயந்துக்குவேன்னு சொல்லலடி."

எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா... ஒரு திக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. தொழிலில் ஆயிரம் பேரிடம் 'உங்களுக்கு இந்தக் கலர்தான் எடுப்பு' என்று சொல்லிப் பழகிய நாக்கு!

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். "அப்போ டெஸ்ட் பண்ணாம ஃபில்லர் போடமாட்டேங்க. கல்யாணம் வேற கிட்ட வந்துடுச்சு. இப்போதைக்கு ஐஸ் வச்சு லிப் ஃப்ளிப் மட்டும் பண்ணிக்கலாம்."

திவ்யாவின் முகம் விழுந்துவிட்டது. 'பரவாயில்லை' என்று தலையாட்டினாள். தெரிந்துதானே செய்தேன்? தெரிந்துதான் செய்தேன்.

நசரத்பேட்டை மண்டபத்தில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அலங்காரம் என் கையால்தான். மேடையில் அவள் வாயைக் கையால் மறைக்காமல் சிரித்தாள். மேலுதடு மடியாமல் நின்றது. இடது ஓரம் ஏறவில்லை. 'பொண்ணு அள்ளுதே' என்றார்கள். அவளுடைய அப்பா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை; நான் கட்டிக் காத்த மரியாதை அப்படி! ஆனால் அந்தக் கூட்டத்தில் அவனைத் தேடிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். மேடைக்கு ஏறிஏறிப் போய்ப் பொட்டைச் சரிசெய்வதுபோல அவள் முகத்தைப் பார்த்தேன். அவன் இல்லை.

காத்திருந்தேன். அவன் போன புதிதில்கூட அப்படிக் காத்திருந்ததில்லை.

தலை தீபாவளிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை லேகியத்தை ஏதோ அல்வா என்று நினைத்து ஒரு கரண்டி முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் விழித்தார். திவ்யா வாய்விட்டுச் சிரித்தாள். மேலுதடு உள்ளே மடிந்தது... இடது ஓரம் ஏறியது...

வந்துவிட்டான்!

என் வாழ்க்கையில் போனது ஒன்று திரும்பி வந்தது அந்த ஒரு தடவைதான். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுதேன் என்றா சொன்னேன்? சந்தோஷப்பட்டேன். இரண்டும்தான்.

வெளியே வந்தால் அவள் என் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "பாத்தியாம்மா, பழைய வாயே வந்துடுச்சு," என்று உதட்டை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இருந்த வருத்தத்தைப் பார்த்தேன். பார்த்தும், 'அப்பாடா' என்றுதான் இருந்தது. நானும் ஒரு தாயா?

பொங்கல் கழிந்து அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கிளம்பியது. சொத்தை, சீழ். பல் டாக்டரிடம் போனவள், 'எனக்கு மரத்துப்போற ஊசி ஒத்துக்காது' என்று சொல்லியிருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்துகொண்டு வரச்சொல்லி அவர் அனுப்பிவிட்டார். இவள் ஊசி பயத்தில் போகாமல் மாத்திரையிலேயே நாளை ஓட்டியிருக்கிறாள். விஷயம் தெரிந்து நான் பூந்தமல்லிக்கு ஓடியபோது, கன்னம் வீங்கிப்போய்ச் சுவரோடு ஒண்டிக் கிடந்தாள்.

"இன்னா அத்தே பண்றது? இவளுக்கு அந்த ஊசி சேராதுன்னதும் எவனும் பல்லாண்ட கை வைக்க மாட்டேன்றான்," என்றார் மாப்பிள்ளை.

உண்மையைச் சொல்ல அதைவிட ஒரு நேரம் வருமா, சொல்லுங்கள்? வாசல் திறந்து கிடந்தது. உள்ளே போகவேண்டியதுதான் பாக்கி. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் பொய்யை இரண்டாவது பொய்யால் துடைத்தேன்.

"ஐயையோ மாப்ள! அது இவ இல்ல... இப்பத்தான் ஞாபகம் வருது. ஊசி சேராம போனது என் தங்கச்சி பொண்ணுக்கு. எனக்குத்தான் மாறிப்போச்சு. வயசாயிடுச்சி இல்ல..."

வயதாகிவிட்டது என்று என் வாயால் நான் சொன்னது அதுவே முதல் தடவை.

அன்று மாலையே பல்லைப் பிடுங்கினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பல் டாக்டர் முதலில் துளி மருந்தைப் போட்டுக் காத்திருந்து பார்த்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். வாயில் பஞ்சோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"இன்னாமா நீ! கம்ப்யூட்டர் மூளைன்னு ஊரெல்லாம் பீத்திக்குவ, பெத்த பொண்ணையே மாத்திட்டியே!"

மாப்பிள்ளையும் சிரித்தார். யாரும் கோபப்படவில்லை. யாராவது ஒருவர் கோபப்பட்டிருந்தால் கொட்டியிருப்பேனோ என்னவோ...

வீக்கம் வற்றியதும் போன் செய்தாள். "அம்மா, அப்போ ஃபில்லர் போட்டுக்கலாம்தானே? நீயும் கூட வா."

போனேன். டாக்டரம்மாவின் அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். பல்லுக்கு ஊசி போட்டதையும் ஒன்றும் ஆகாததையும் திவ்யா சொன்னபோது, டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். உள்ளே அழைத்துப்போவதற்கு முன் திவ்யா எதற்கோ பயந்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதைக் கண்ணால் குடித்துவைத்துக்கொண்டேன். அதுதான் கடைசி.

வீக்கம் அடங்கும்வரை என்னோடு இருக்கட்டும் என்று ஆட்டோவில் அம்பத்தூருக்கு அழைத்து வந்தேன். பாடி மேம்பாலம் ஏறும்போது அவள் வீக்கத்தை மறைத்திருந்த மாஸ்க்கை இறக்கிக் காட்டினாள்.

"எப்டிமா இருக்கு?"

"வீக்கம் வத்தினா சூப்பரா இருக்கும்டி."

மாஸ்க்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டாள். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, குழறிய வாயோடு, மெதுவாகக் கேட்டாள்.

"இனிமே என்னைப் பாத்தா உனக்கு அவர் ஞாபகம் வராதுல்லம்மா?"

அப்போதுதான் புரிந்தது... மாமியாருக்காக இல்லை, மாப்பிள்ளைக்காக இல்லை, மண்டபத்துக்காகவும் இல்லை. எனக்காக! நான் வெறுத்ததாக அவள் நம்பிய வாயை, எனக்காக மாற்றிக்கொண்டாள். நான் ஏங்கி ஏங்கிப் பார்த்த வாயை.

"வராதுடி," என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். உதடு படாமல், கன்னத்தை மட்டும் வைத்து.

இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அவள் பட்ட காயம் ஆறுமா, இன்னும் ஆழமாகுமா? ஐந்தாவது படித்தவளுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. தெரியாததுபோல இருக்கிறேனோ, அதுவும் தெரியவில்லை. ஜெல் கரைவதற்குள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்கிறாள். வாரம் தவறாமல் வருகிறாள். கையால் மறைக்காமல் சிரிக்கிறாள், பாவி, அத்தனை அழகாக! நான் முதுகைக் காட்டிக்கொண்டு எதையாவது அடுக்கிக்கொண்டிருப்பேன்.

"அம்மா, இங்க பாரேன்," என்பாள்.

"பாத்துகினுதான் கீறேன்," என்பேன்.