நடுங்கிய கோடு

போன வருடம் திருப்பதியில் சிறுவர்களுக்கான படக்கதைப் புத்தகம் ஒன்றுக்கு நான் ஆசிரியராக இருந்தேன். படம் வரைய வந்தவள் புத்தலப்பட்டு கௌரி. அவள் தந்த முதல் பக்கத்தில் மைக்கோடுகளுக்கு அடியில் வெளிர்நீலக் கோடுகள் தெரிந்தன. யாருடைய படத்தையோ நீலத்தில் அச்செடுத்து மேலே மை தீட்டியிருக்கிறாள் என்று சந்தேகப்பட்டு, இந்த நீலம் என்ன என்று கேட்டேன்.

"நீலப் பென்சில்ல வரைஞ்சிட்டு மேல மை போடுவேன் சார். ஸ்கேன் பண்ணும்போது நீலத்த எடுத்துடலாம், அழிக்கத் தேவயில்ல."

"அப்டியா? இங்கயே ஒரு மூஞ்சி வரைஞ்சி காட்டும்மா."

நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு அவள் விரல்களையே பார்த்தேன். தூரிகை நடுங்கியது. வரைந்த மூக்கு கோணிப்போனது.

"இப்டி பாத்துக்கினே இருந்தா எப்டி சார் வரும்?"

"சொந்தக் கைன்னா வரும்," என்றேன். வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

சென்ற மாதம் வங்கியில் என் கையெழுத்து பொருந்தவில்லை என்றார்கள். "இன்னொருவாட்டி போடுங்க சார்," என்று சொல்லிவிட்டு ஊழியர் என் விரல்களையே பார்த்தார். வாழ்நாளெல்லாம் போட்ட கையெழுத்து மறுபடியும் கோணியது. கௌரியின் தூரிகை நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த புத்தகத்துக்கு வரைவாயா என்றேன்.

"வரையறேன் சார். ஆனா உங்க எதுர்ல வரைய மாட்டேன்."

இப்போது பக்கங்கள் தபாலில் வருகின்றன. உறையைப் பிரித்ததும் என் கண் முதலில் நீலக் கோட்டைத்தான் தேடுகிறது. பழக்கம் இன்னும் போகவில்லை. பார்த்துவிட்டு வெட்கப்படுகிறேன்.